பகலெல்லாம் பட்டினி, ராத்திரி பிஸ்கட்

மேடம், எனக்கு 20 வயது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு, விடுதியில் தங்கிப் படிக்கிறேன். 8 மாதத்தில் 6 கிலோ ஏறிவிட்டேன். தேர்வு நெருங்கினால் இன்னும் மோசம். ராத்திரி 1 மணிக்குப் புத்தகத்தை மூடியதும், அறைத்தோழி விழித்துவிடக் கூடாதே என்று இருட்டில் பிஸ்கட் பாக்கெட்டைச் சத்தம் வராமல் பிரிப்பேன். பாக்கெட் காலியானால்தான் கை நிற்கும். காலையில் எடை மெஷினில் ஏறிப் பார்த்து அழுவேன். அன்று மாலை வரை எதையும் தொட மாட்டேன். அதே தேர்வுதான் தோழிக்கும்; அவளோ இளைக்கிறாள். எனக்கு மட்டும் ஏன் மனக்கட்டுப்பாடே இல்லை?

– பெயர் வேண்டாம்

அன்புள்ள தங்கைக்கு,

மாலை வரை பசியை அடக்கிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கா மனக்கட்டுப்பாடு இல்லை? உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ராத்திரி பிஸ்கட் இல்லை, அந்தப் பகல் பட்டினிதான். பகலில் பிடித்துவைத்த பசிதான் நள்ளிரவில் வட்டியோடு வந்து நிற்கிறது.

திடீர்ப் பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன் பசியை அடக்கிவிடும். அதே நெருக்கடி வாரக்கணக்கில் இழுத்தால் கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் கூடி, பசியைக் கிளப்பும். நாக்கு இனிப்பும் கொழுப்பும் கேட்கும். எல்லா உடம்பும் ஒன்று போல இருக்காது. ஒருவருக்குச் சோறு இறங்காது, இன்னொருவருக்கு வாய் ஓயாது. தோழி இளைப்பது அவளுடைய சாமர்த்தியம் இல்லை. (அவள் சரியாகச் சாப்பிடுகிறாளா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.) போதாக்குறைக்குத் தூக்கமும் கெடுகிறது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடும், போதும் என்று சொல்லும் லெப்டின் குறையும்.

சரி, என்ன செய்வது? முந்தின ராத்திரி என்ன நடந்திருந்தாலும் காலையில் சாப்பிடுங்கள். இது ஒன்றைத்தான் நான் பிடிவாதமாகச் சொல்வேன். தண்ணீரும் உப்பும் மட்டுமே ஒரே நாளில் எடையை 1 கிலோ ஏற்றி இறக்கும்; அதற்காகத் தினமும் அழ வேண்டாம், மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். தேர்வு நேரத்தில் 10 மணிக்குப் படுங்கள் என்றால் சிரிப்பீர்கள். அரை மணி நேரம் முன்னால் படுத்தாலும் லாபம்தான். ராத்திரி பசித்தால் விளக்கைப் போட்டு, வேண்டியதைத் தட்டில் எடுத்து வைத்து, உட்கார்ந்து சாப்பிடுங்கள். தோழி விழித்தால் விழிக்கட்டும், அவளுக்கும் இரண்டு கொடுங்கள்.

அப்புறம், ஒருமுறை மருத்துவரைப் பார்த்து தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாதவிடாய் தள்ளிப்போகிறது என்றால் அதையும் சொல்லுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை இப்படி ஆகிறது என்று நீங்கள் எழுதவில்லை. நிறுத்த முடியாமல் நிறையச் சாப்பிடுவது வாரம் ஒரு முறையாவது, 3 மாதமாக நடக்கிறது என்றால், அது மிகையாக உண்ணும் கோளாறாக இருக்கலாம். மனநல ஆலோசகரிடம் பேசிப் பெறும் சிகிச்சையில் நன்றாகவே குணமாகும். சாப்பிட்டதை வாந்தியெடுக்கவோ பேதி மாத்திரை போடவோ தொடங்கியிருந்தால், தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த வாரமே மருத்துவரிடம் போய்விடுங்கள்.