அறிவியல் நூல் பரிசு: சிறுவரே தேர்ந்தெடுக்கட்டும்

கேள்வி: லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் வழங்கும் சிறுவர் அறிவியல் நூல் பரிசுக்குச் சிறுவர்களே நடுவர்களாமே! எங்கள் பள்ளியில் தமிழ் நூல்களை வைத்து அப்படி நடத்த முடியுமா?
- ஆசிரியை, ஏற்காடு

பதில்: தாராளமாக நடத்தலாம். அங்கே 1988-இல் தொடங்கிய பெரியவர்களுக்கான பரிசு 25,000 பவுண்டு. அதற்குப் பெரியவர்களே நடுவர்கள். 14 வயது வரையுள்ளோருக்கான பரிசில்தான் பெரியவர்கள் ஆறு நூல்களைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஆறில் சிறந்தது எது என்பதைப் பள்ளிக் குழுக்கள் படித்துச் சொல்கின்றன. இந்த ஏற்பாடு மிகச் சரியானது. தகவல் பிழையைக் கண்டுபிடிப்பது பெரியவர் வேலை; எந்தப் பக்கம் சலிப்பூட்டுகிறது என்று சிறுவரைவிடத் துல்லியமாக யாரும் சொல்லிவிட முடியாது.

30 மாணவர்கள், ஆறு நூல்கள் என்றால் ஒவ்வொரு நூலிலும் ஐந்து பிரதி வாங்குங்கள். ஐவர் கொண்ட ஆறு குழுக்கள், குழுவுக்கு ஒரு நூல், வாரம் ஒருமுறை மாற்றம். பணம் போதாதா? மூன்று பிரதி போதும். இருவர் ஒன்றைப் பகிரட்டும், மாற்றத்தை இரண்டு வாரமாக்குங்கள். ஒரே பிரதியை எல்லோருக்கும் சுற்றவிட்டால் வேகமாகப் படிப்பவர்கள் மட்டுமே முடிப்பார்கள், முடிவும் அவர்களுடையதாகிவிடும்.

கடைசியாகப் படித்த நூல்தான் மனத்தில் நிற்கும். குழுக்கள் வெவ்வேறு நூலில் முடிப்பதால் அந்தச் சாய்வு ஓரளவு சமனாகும். போதாததற்கு, ஒவ்வொரு நூலையும் முடித்த அன்றே பிடித்த பக்கம், புரியாத பக்கம் இரண்டையும் எழுதி வாங்கிவிடுங்கள். கை தூக்கச் சொல்லவே சொல்லாதீர்கள், வகுப்புத் தலைவர் தூக்கினால் பாதி வகுப்பும் தூக்கும். சீட்டில் ரகசியமாக முதல் மூன்று இடங்களை எழுதட்டும். 3, 2, 1 என மதிப்பெண் கூட்டுங்கள். ஆறையும் படித்தவருக்கே வாக்கு. உங்களுக்குப் பிடித்த நூல் எது என்பது முடிவு வரும்வரை வெளியே தெரியக் கூடாது.

கேள்வி: சேலத்துப் பாறைகள் பற்றி நூல் எழுதியிருக்கிறேன். பரிசுக்கு அனுப்புமுன் எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகர், அம்மாபேட்டை

பதில்: அறிவிப்பில் கேட்டிருக்கும் ஆண்டும் நூலின் பதிப்பு விவரப் பக்கத்து ஆண்டும் பொருந்த வேண்டும், மறுபதிப்பைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். நூலை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. படங்களுக்கு எழுத்து மூலம் அனுமதி வாங்கி வையுங்கள்.

உங்கள் பொருளில் வழுக்குமிடம் வேறு. சேலத்து வெள்ளைக்கல் மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட், காந்தத்தில் ஒட்டாது. கஞ்சமலையின் கறுப்புத் தாது மேக்னடைட், இரும்பு ஆக்சைடு, ஒட்டும். படவிளக்கத்தில் இவை இடம் மாறினால் விவரம் தெரிந்த நடுவர் அங்கேயே நூலை மூடிவிடுவார். அது கிடைக்கும் குன்றுகளை ஆங்கிலேயர் 'சாக் ஹில்ஸ்' (சுண்ணக்கட்டிக் குன்றுகள்) என்று அழைத்ததை நம்பி அந்த வெள்ளைக்கல்லைச் சுண்ணாம்புக்கல் என எழுதுவோரும் உண்டு. குளிர்ந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டதும் சுண்ணாம்புக்கல் நுரைக்கும். மேக்னசைட்டைப் பொடித்தோ சூடாக்கியோதான் நுரைக்க வைக்க முடியும்.

புவியியல் படித்த ஒருவரிடம் கைப்பிரதியைக் காட்டுங்கள். சிறுவர் நூலென்றால் 12 வயதுப் பிள்ளை ஒருவரை உரக்க வாசிக்கச் சொல்லி, தடுமாறும் வரிகளைப் பென்சிலால் குறித்து, அவற்றைத் திரும்ப எழுதுங்கள்.