பத்து வருடம் நிற்கும் குவார்ட்டர்பேக் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நான் ஒஹையோவில், க்ளீவ்லாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு அவனோடு உட்கார்ந்து அமெரிக்க ஃபுட்பால் பார்க்கப் பழகினேன். அவன் க்ளீவ்லாண்ட் அணியான பிரௌன்ஸின் ரசிகன். இங்கே அடிக்கடி ஒரு புது குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்துகிற ஆள், வருகிறார். "இனி இவர்தான்" என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். கொஞ்ச நாளில் அவர் வேறெங்கோ போய்விடுகிறார். ஆபீஸில் ஒருவர் கை பலம்தான் முக்கியம் என்கிறார், இன்னொருவர் உயரம் என்கிறார், மூன்றாமவர் லீடர்ஷிப் என்கிறார். இவ்வளவு பணம் கொட்டி, இவ்வளவு பேரை வைத்துத் தேடியும் ஏன் கிடைப்பதில்லை? ஓர் அணி பத்து வருடம் நம்பி ஆட்டத்தை ஒப்படைக்கிற குவார்ட்டர்பேக்குக்கு என்னதான் இருக்க வேண்டும்? பிரௌன்ஸ் தன் குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டை அனுப்பியது சரியா என்று பையன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான். நீங்கள் பதில் எழுதினால் அவனுக்கும் படித்துக் காட்டுவேன்.

கே.

அன்புள்ள கே.,

உங்கள் ஆபீஸ் நண்பர்கள் மூவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் அந்த மூன்றும் ஒருவரை டிராஃப்ட் மேடைவரை, அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் இடம்வரை, கொண்டுவரும், அவ்வளவுதான். 2007இல் ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணி முதல் ஆளாக எடுத்த ஜமார்கஸ் ரஸ்ஸலுக்கு உயரமும் இருந்தது, பார்த்தவர்கள் வியந்து பேசிய கையும் இருந்தது. மூன்று சீசன் முடிந்ததும் 2010இல் அணி அவரை விடுவித்துவிட்டது. ட்ரூ பிரீஸ் ஆறடிதான். 2005 கடைசி ஆட்டத்தில் எறிகிற தோளே கிழிந்துபோனது. அந்தத் தோளை நம்ப மற்றவர்கள் தயங்கியபோது நியூ ஆர்லியன்ஸ் அணி எடுத்துக்கொண்டது. 2006இலிருந்து 2020வரை அங்கேயே ஆடி, இறுதிப் போட்டியான சூப்பர் பௌலையும் வென்று கொடுத்தார்.

நான் ஒரு குவார்ட்டர்பேக்கைப் பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொள்வேன். போன வருடம் செய்த தப்பையே இந்த வருடமும் செய்கிறாரா?

1998 டிராஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் பெய்டன் மேனிங், இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் எடுத்தது. இரண்டாம் ஆள் ரயன் லீஃப், சான் டியேகோ சார்ஜர்ஸ் எடுத்தது. யாரை முதலில் எடுப்பது என்று அப்போது பெரிய விவாதமே நடந்தது. லீஃபின் கைதான் பலமானது என்று சொன்னவர்கள் உண்டு. முதல் சீசனில் லீஃப் 15 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்) எறிந்தார். மேனிங் எறிந்தது 28. புதிதாக வந்த ஆட்டக்காரர் ஒருவரின் மிக மோசமான கணக்கு இன்றைக்கும் அதுதான். கோல்ட்ஸ் 3 ஆட்டம் வென்று 13 தோற்றது.

அடுத்த வருடம் மேனிங்கின் இன்டர்செப்ஷன் 15ஆகக் குறைந்தது, அணி 13 ஆட்டம் வென்றது. கையில் எந்த மாற்றமும் இல்லை. எதிரணி எப்படி ஏமாற்றுகிறது, சேஃப்டி என்கிற பின்வரிசைத் தடுப்பாளர்களில் யார் கடைசி நொடியில் இடம் மாறுகிறார், கல்லூரி ஆட்டத்தில் திறந்து கிடந்த இடைவெளி இங்கே எவ்வளவு சீக்கிரம் மூடுகிறது என்பதையெல்லாம் அந்த 28 பந்துகளில் படித்துவிட்டார். லீஃபுக்கு அந்தப் படிப்பு ஏறவில்லை. மணிக்கட்டு, தோள் காயங்களும் சேர்ந்துகொண்டன. பிற்காலத்தில் வாழ்க்கையில் மீண்டு வந்தவர் அவர். அவரைத் தாழ்த்திச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆட்டம் பழக்கமில்லாத வாசகர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒரு பிளே, அதாவது பந்தோடு ஒரு முயற்சி, முடிந்ததும் கடிகாரத்தில் 40 விநாடி ஓட ஆரம்பிக்கும். பயிற்சியாளரின் குரல் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் கேட்கும். 15 விநாடி மிச்சம் இருக்கும்போது அந்தக் குரல் அறுந்துவிடும். அதற்குப் பிறகு அவர் தனி ஆள். எதிரே நிற்கும் பதினொரு பேரைப் பார்த்து, யார் பாய்வார், யார் பின்வாங்குவார் என்று ஊகிக்க வேண்டும். தன்னைக் காக்கும் ஐந்து பேருக்கு ஆள் காட்ட வேண்டும். சொன்ன திட்டம் சரிப்படாது என்று தெரிந்தால் நின்ற இடத்திலேயே மாற்றிக் கத்த வேண்டும், அதுவும் எழுபதாயிரம் பேர் போடும் கூச்சலில். பந்து கைக்கு வந்த பிறகு ஏறக்குறைய இரண்டரை விநாடி. பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். அவர் திரும்பட்டும் என்று காத்திருந்தால் வேறொருவர் பிடித்துவிடுவார்.

இதை அறையில் உட்கார்ந்து வீடியோவில் கற்றுக்கொள்ளலாம் என்பது பாதிதான் உண்மை. மீதிப் பாதியை அடி வாங்கித்தான் கற்க வேண்டும். அடி வாங்கும்போதும் புத்தி கலங்காமல் இருக்க வேண்டும். பல இளைஞர்கள் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். நாலு முறை கீழே தள்ளப்பட்டதும் கண் தூரத்து ரிசீவரை விட்டு, பாய்ந்து வருகிற ஆளின் மேல் போய்விடும். ஒருமுறை அப்படிப் போன கண் திரும்பி மேலே வருவது கஷ்டம்.

டாம் பிரேடியை உதாரணம் சொல்லாமல் இருக்க முடியாது. 2000 டிராஃப்டில் 199ஆவது ஆள் அவர். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணிக்காக அவர் ஆடிய முதல் சூப்பர் பௌல் 2002 பிப்ரவரியில், செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு எதிராக. 17-17 என்று சமநிலை. ஒரு நிமிடம் 21 விநாடி பாக்கி. டைம் அவுட் ஒன்றுகூட இல்லை. தன் பக்கத்து 17 கெஜக் கோட்டிலிருந்து தொடங்க வேண்டும். பின்னால் ஓடும் ஜே.ஆர். ரெட்மண்டுக்கு மூன்று சின்னச் சின்னப் பாஸ்கள் கொடுத்தார். மூன்றாவது பாஸில் ரெட்மண்ட் எல்லைக்கோட்டுக்கு வெளியே போய்க் கடிகாரத்தை நிறுத்தினார்.

அடுத்த பிளேதான் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது. ராம்ஸ் ஆள்கள் பாய்ந்து வருகிறார்கள். பிரேடி பந்தை யாருக்கும் எட்டாமல் வெளியே எறிந்துவிடுகிறார். கணக்கில் அது ஒரு தோல்வி, பிடிக்கப்படாத பாஸ். ஆனால் பந்தை வைத்துக்கொண்டு தப்பிக்கப் பார்த்து மாட்டியிருந்தால் கடிகாரம் ஓடியிருக்கும், நார்மல் நேரம் அங்கேயே முடிந்திருக்கும். அதற்கடுத்துத்தான் டிராய் பிரௌனுக்கு 23 கெஜப் பாஸ், பிறகு இன்னொரு ஆறு கெஜம், கடைசியில் ஆடம் வினாட்டியேரி பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து வெற்றி தந்த 48 கெஜ ஃபீல்ட் கோல். அந்த ஆட்டம் முழுக்க பிரேடி எறிந்தது 145 கெஜம் மட்டுமே. இருபத்துநாலு வயதில், உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது, தன்னை வீரனாகக் காட்டிக்கொள்ளும் ஆசையை அடக்கிப் பந்தை வெளியே எறியத் தெரிந்திருந்தது. உங்கள் நண்பர் லீடர்ஷிப் என்று சொல்வதை நான் இந்த மாதிரி இடத்தில்தான் தேடுவேன். ஹடிலில், அதாவது பிளேக்கு முன் அணி கூடி நிற்கும் வட்டத்தில், கத்துவதும் முதுகில் தட்டுவதும் எல்லோராலும் முடியும்.

கற்றுக்கொள்ளும் குணம் எண்களில் தெரிவதற்கு ஜாஷ் ஆலன் நல்ல சாட்சி. 2018இல் பஃபலோ எடுத்தபோது கை பீரங்கி மாதிரி, குறி மோசம் என்றார்கள். முதல் வருடம் அவர் எறிந்ததில் 52.8 சதவீதம்தான் பிடிக்கப்பட்டது. அடுத்த வருடம் 58.8. மூன்றாம் வருடம் 69.2. குறி பிறவியிலேயே வர வேண்டும், பிறகு வராது என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அந்த மூன்று வருடமும் தலைமைப் பயிற்சியாளர் ஷான் மெக்டெர்மட், ஆட்டத்தை வகுத்தவர் பிரையன் டேபால். மாறவே இல்லை. மூன்றாம் வருடம் ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற அருமையான ரிசீவரும் வந்து சேர்ந்தார்.

உங்கள் கேள்வியில் வராத பாதி இதுதான். தப்பிலிருந்து கற்க வேண்டுமானால், போன வருடம் கற்றது இந்த வருடமும் செல்லுபடியாக வேண்டும். அலெக்ஸ் ஸ்மித்தை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. 2005இல் சான் ஃபிரான்சிஸ்கோ எடுத்த முதல் ஆள். ஆரோன் ராட்ஜர்ஸ் 24ஆம் இடம்வரை காத்திருந்த அதே டிராஃப்ட். முதல் ஐந்து சீசனில் ஸ்மித்துக்கு ஐந்து வெவ்வேறு ஆஃபென்ஸ் (தாக்குதல் ஆட்டம்) பயிற்சியாளர்கள். ஒவ்வொரு வருடமும் புதுப் புத்தகம், புதுச் சொற்கள், காலடி வைப்பதற்குக்கூடப் புது முறை. தேறாத கேஸ் என்று முத்திரை குத்திவிட்டார்கள். 2011இல் ஜிம் ஹார்பா வந்து ஒழுங்கான அமைப்பைக் கொடுத்ததும், அதே ஸ்மித் சீசன் முழுக்க ஐந்தே இன்டர்செப்ஷனோடு 13 ஆட்டம் வென்றார். ராட்ஜர்ஸோ கிரீன் பேயில் மூன்று வருடம் பிரெட் ஃபார்வுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் களத்தில் இறங்கினார். இருவரையும் இடம் மாற்றி வைத்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. ஸ்மித் பிறகு கன்ஸாஸ் சிட்டிக்குப் போனார். 2017இல் அங்கே அவருக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு வருடம் பாடம் கேட்ட பையன் பேட்ரிக் மஹோம்ஸ். மஹோம்ஸ் அடுத்த வருடமே 50 டச் டவுன் பாஸ் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி தரும் பாஸ்) எறிந்தார்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு சீசனின் 17 ஆட்டமும் தாங்க வேண்டும். ஃபார்வ் தொடர்ந்து 297 ஆட்டங்களைத் தொடங்கியவர். அப்படிப்பட்ட உடம்பு எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் எப்போது சறுக்கி உட்கார வேண்டும், எப்போது கோட்டுக்கு வெளியே போய்விட வேண்டும் என்பதைக் கற்கலாம். காக்க வேண்டியவர்களைச் சேர்த்துக் கொடுப்பது அணியின் வேலை. ஆண்ட்ரூ லக்கிடம் மூளை, கை, பணிவு எல்லாம் இருந்தது. வருடக்கணக்கில் அடி வாங்கி, காயத்திலிருந்து மீண்டு, மறுபடி காயப்பட்டு, 29 வயதில் போதும் என்று போய்விட்டார். அதில் அவர் பக்கம் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது உங்கள் பையனின் கேள்வி. மேஃபீல்டை அனுப்பியது தவறு என்றுதான் நான் நினைக்கிறேன். 2018இல் முதல் ஆளாக எடுத்தார்கள். முதல் மூன்று சீசனுக்குள் இடைக்காலப் பயிற்சியாளரையும் சேர்த்து நான்கு தலைமைப் பயிற்சியாளர்கள். நான்காமவரான கெவின் ஸ்டெஃபான்ஸ்கியோடு ஆடிய முதல் சீசனிலேயே நாக்-அவுட் சுற்றான பிளே ஆஃபில் பிட்ஸ்பர்கை அதன் ஊரிலேயே தோற்கடித்தார். அடுத்த சீசனில் இடது தோள் கிழிந்த நிலையில் ஆடினார், மோசமாக ஆடினார். அந்த ஒரு வருடத்தை வைத்து அவரைத் தீர்மானித்துவிட்டு, டெஷான் வாட்ஸனுக்காக டிராஃப்டின் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளையும் முழு உத்தரவாதத்தோடு 23 கோடி டாலரையும் கொடுத்தார்கள். மேஃபீல்ட் நடுவில் கொஞ்சம் அலைந்துவிட்டு டாம்பா பே போனார். 2024இல் அங்கே 41 டச் டவுன் பாஸ்.

பையனிடம் இதைச் சொல்லுங்கள். அடுத்து க்ளீவ்லாண்டுக்கு வருகிற இளைஞர் முதல் வருடம் எத்தனை இன்டர்செப்ஷன் எறிந்தார் என்று மட்டும் எண்ண வேண்டாம். ஒவ்வொன்றும் எப்படிப் போனது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். சேஃப்டியைப் பார்க்காமல் போனதா, கால் நிலைக்காமல் எறிந்ததா, வெளியே எறிய வேண்டியதை உள்ளே திணித்ததா என்று. இரண்டாம் வருடம் அதே நோட்டை எடுத்து ஒப்பிடட்டும். நடுவில் பயிற்சியாளரை மாற்றியிருந்தால் அந்தத் தேதியையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளட்டும்.

அன்புடன்