8 ஜிபி லேப்டாப்பில் லாட்டிஸ் புலக் கோட்பாடு

கேள்வி: மார்த்தாண்டத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். லாட்டிஸ் புலக் கோட்பாட்டில் புராஜெக்ட் செய்ய ஆசை. கையில் இருப்பது 8 ஜிபி ரேம் லேப்டாப். சூப்பர் கம்ப்யூட்டர் இல்லாமல் நடக்காது என்கிறார்கள். டென்சர் நெட்வொர்க் உதவுமா?

பதில்: உதவும், ஒரு இடப் பரிமாணத்தோடு நிறுத்திக்கொண்டால்.

லாட்டிஸ் என்றால் வெளியைத் தொடர்ச்சியாக எடுக்காமல் தனித்தனிப் புள்ளிகளாக எடுப்பது. 50 புள்ளிகள், ஒவ்வொன்றிலும் துகள் உண்டு அல்லது இல்லை என்று வைத்தாலே, நிலையை முழுதாக எழுத 11 கோடி கோடிக்கும் மேல் எண்கள் வேண்டும். எந்த லேப்டாப்பும் தாங்காது. அப்புறம் எப்படி? குழித்துறையில் நீங்கள் ஏறும் எக்ஸ்பிரஸ் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பாதியிலிருந்து பின்பாதிக்கு எது போனாலும் பெட்டிகளை இணைக்கும் அந்தக் குறுகிய வழியாகத்தான் போக வேண்டும். பெரிய நிலையைச் சிறு எண் அட்டவணைகளின் சங்கிலியாக எழுதும் எம்.பி.எஸ். (matrix product state) என்ற டென்சர் நெட்வொர்க்கில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு பெட்டி. இணைப்பு வழியின் அகலம்தான் பாண்ட் டைமென்ஷன். இரு பாதிகளுக்கு இடையே குவாண்டம் பின்னல் (என்டாங்கிள்மென்ட்) எவ்வளவோ, அதற்கேற்ற அகலம் போதும். மிகக் குறைந்த ஆற்றல் நிலைக்கும் (அடிநிலை) அடுத்த நிலைக்கும் நடுவே ஆற்றல் இடைவெளி உள்ள ஒற்றைப் பரிமாண அமைப்பின் அடிநிலையில், ரயில் நீள நீள அந்தப் பின்னல் வளர்ந்துகொண்டே போவதில்லை. அகலம் 100 என்றால் 50 புள்ளிகளுக்குப் பத்து லட்சம் எண்கள், சுமார் 16 எம்பி. அவ்வளவுதான்!

ஷ்விங்கர் மாதிரியை எடுங்கள்: ஒற்றைப் பரிமாணத்தில் குவாண்டம் மின்னியக்கவியல். ஃபெர்மியானுக்கு (எலக்ட்ரான் போன்ற துகளுக்கு) நிறை இல்லாதபோது விடை கையாலேயே கிடைக்கிறது: அதில் உருவாகும் போசானின் நிறை g/√π, அதாவது 0.5642 g (g என்பது மின்னூட்டத்தின் வலிமை). உங்கள் கணக்கு சரியா என்று பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. முனைகளைத் திறந்து வைத்து, காஸ் விதியால் மின்புலத்தை நீக்கி, ஃபெர்மியான்களை ஜோர்டான்–விக்னர் மாற்றத்தால் ஸ்பின்களாக்குங்கள். பிறகு டி.எம்.ஆர்.ஜி. (DMRG); அடிநிலையைத் தேட ஸ்டீவன் ஒயிட் 1992இல் தந்த வழி. இதற்கான நிரல் தொகுப்புகள்: பைத்தானில் டென்பை (TeNPy), ஜூலியாவில் ஐடென்சர் (ITensor), இரண்டும் இலவசம்.

முதலில் 10 புள்ளிகள் மட்டும். 1024 நிலைகள்தான், அணியை நேரடியாகவே தீர்த்து ஒப்பிடலாம். இதைத் தாண்டிப் போக அவசரப்படாதீர்கள். பிளஸ்–மைனஸ் குறித் தவறுகள் எல்லாம் இங்கேதான் பிடிபடும்.

அடுத்து வரிசை முக்கியம்: பாண்ட் டைமென்ஷனைக் கூட்டி விடை அசையாமல் நிற்கிறதா பாருங்கள், பிறகு நீளம், கடைசியில்தான் புள்ளி இடைவெளியைச் சுருக்குவது. இடைவெளி குறைந்தால் அதே நீளத்துக்குப் புள்ளிகளும் கூடும், பின்னலும் கூடும். பழைய அகலத்தையே வைத்துக்கொண்டால் பிழை சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும்.

நேரப்போக்கில் நிலை மாறுவதைக் கணக்கிடவும் ஆசை வரும். சீரற்ற மாதிரிகளை எடுத்துக் கணக்கிடும் மான்டி கார்லோ முறை திணறும் இடம் அது என்பதால் ஆசை நியாயமானதே. ஆனால் அமைப்பில் திடீர் மாற்றம் செய்த பிறகு பின்னல் நேரத்தோடு ஏறுவதால், தேவைப்படும் அகலம் அடுக்குக்குறியாகப் பெருகும். உங்கள் லேப்டாப்பில் சிறிது நேரம் வரைதான் ஓடும். அதைக் கடைசி அத்தியாயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.