மரத் தளபாடம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தேன் நிற வார்னிஷ் பூசிய தேக்கு அலுமாரியைக் கடும் கோப்பி நிறமாக்க, வார்னிஷின் மேலேயே ஸ்டெயின் பூசினோம். பிசுபிசுவென்று திட்டுத்திட்டாக நிற்கிறது, நகம் பட்டாலே உரிகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, கல்லடி

பதில்: ஸ்டெயின் மரத்துக்குள் ஊறினால்தான் நிறம் நிற்கும். வார்னிஷ் அடைத்த மரத்தில் அதற்கு ஊற இடமில்லை. எல்லாவற்றையும் நீக்கி வெறும் மரத்திலிருந்து தொடங்குங்கள்.

பழைய பூச்சு எதுவென்று முதலில் அறியவேண்டும். தின்னரால் (வெறுமனே தின்னர் என்றால் பெயின்ட் தின்னர், லக்கர் தின்னர் அல்ல) புதிய ஸ்டெயினைத் துடைத்தெடுத்துவிட்டு, மறைவான ஓரிடத்தில் ஸ்பிரிட் நனைத்த துணியை ஒரு நிமிடம் வையுங்கள். இளகினால் அரக்குப் பொலிஷ். இளகாமல் லக்கர் தின்னருக்கு இளகினால் லக்கர். இவற்றை அந்தந்தத் திரவத்தாலேயே கழுவி எடுக்கலாம். இரண்டுக்கும் அசையாததற்குப் பெயின்ட் ரிமூவர் வேண்டும்.

கதவுகளையும் பிணைச்சல்களையும் கழற்றிப் பலகைகளைப் படுக்கவையுங்கள். ரிமூவரைத் தடிப்பாக, ஒரே திசையில் பூசிப் பொலித்தீனால் மூடுங்கள். 20 முதல் 30 நிமிடத்தில் பூச்சு சுருங்கி எழும்பும். மழுங்கிய தகட்டால் மரத்தின் ரேகை வழியே வழித்தெடுங்கள். எழும்பாத இடத்தை அழுத்திச் சுரண்டவேண்டாம், மறுபடி பூசுங்கள். பிறகு தின்னரால் இரண்டு முறை துடைப்பது அவசியம். பல ரிமூவர்களில் மெழுகு உண்டு, அது தங்கினால் புதிய பூச்சு காயாது. தடித்த கையுறையோடு, வெளியில் நிழலில் செய்யுங்கள்.

மரம் காய்ந்ததும் 120 இலக்க சாண்ட் பேப்பர், பின்னர் 180. அதோடு நிறுத்துங்கள். 320 வரை தேய்த்து மினுக்கினால் மரம் நிறத்தைக் குறைவாகவே குடிக்கும். பலகையின் வெட்டுமுனைகள் மட்டும் அதிகம் குடித்துக் கறுக்கும், அவற்றை 240 வரை தேய்க்கலாம். கடைசியில் தின்னர் துணியால் ஒரு முறை நனைத்துப் பாருங்கள். வெளிறித் தெரியும் இடங்களில் வார்னிஷோ பசையோ மிச்சம் இருக்கிறது. தேக்கின் எண்ணெய்ப்பசையையும் இந்தத் துடைப்பு எடுத்துவிடும்.

இனி ஸ்டெயின். நிறமி அடியில் படிந்திருக்கும், நன்றாகக் கலக்குங்கள். அலுமாரியின் பின்பக்கத்தில் பூசி, மேலே வார்னிஷும் போட்டு நிறத்தைப் பார்த்த பின்பே முன்பக்கத்துக்கு வாருங்கள். துணியால் பூசி, 5 முதல் 10 நிமிடத்தில் மிச்சத்தை முழுவதும் துடைத்தெடுங்கள். நிறம் கூடட்டும் என்று மிச்சத்தை விட்டுவைப்பதுதான் பிசுக்குக்கு இன்னொரு காரணம். போதாவிட்டால் ஒரு நாள் கழித்து இரண்டாம் பூச்சு. கச்சான் வீசும் நாட்களில் ஸ்டெயின் சட்டென்று காய்ந்து கோடு விழும். ஆகவே காலையில், ஒவ்வொரு பலகையாக முடியுங்கள். மார்கழி மழையில் லக்கர் அடித்தால் ஈரம் பிடித்து வெண்மை படரும், வெயில் வரும்வரை பொறுங்கள். எண்ணெய் ஸ்டெயின் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவிடுங்கள்.

கேள்வி: பழைய முதிரைக் கதிரைகளையும் இப்படிக் கறுப்பாக்கலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: முடியும், ஆனால் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. முதிரையின் பொன்னிறத்தை எந்த ஸ்டெயினாலும் வாங்க முடியாது. ஊறிய நிறத்தை முழுவதும் திரும்ப எடுப்பதும் கடினம். பூச்சை நீக்கி, நிறமில்லாத வார்னிஷ் போட்டாலே அழகு. கட்டாயம் கறுக்கவேண்டுமென்றால், அடர்ந்த மரமாதலால் நிறமி ஸ்டெயின் சரியாகப் பிடிக்காது. 150 இலக்கத்தோடு தேய்ப்பதை நிறுத்தி, ஸ்பிரிட்டில் கரையும் சாயத்தை மெல்லிய பூச்சுகளாகக் கொடுங்கள்.

கேள்வி: கோஸ்டிக் சோடா மலிவு. அதனால் வார்னிஷை நீக்கலாமா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: நீங்கும், கேடும் வரும். தேக்கு போன்ற மரங்கள் அதில் திட்டுத்திட்டாகக் கறுக்கும், நார் எழும்பும், மூட்டுப் பசை இளகும். மரத்துக்குள் தங்கும் காரம் புதிய வார்னிஷையும் பின்னர் உரித்துவிடும். ஏற்கெனவே பூசிவிட்டீர்களானால் நிறையத் தண்ணீரால் கழுவி, வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்து, மறுபடி கழுவுங்கள். நிழலில் ஒரு வாரமாவது காயாமல் ஸ்டெயின் பூசவேண்டாம்.