கன்னி நாய்க்கு ஃபுல் ஃப்ரேம் வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு வயதுக் கன்னி இன நாய் இருக்கிறது. உடம்பெல்லாம் கறுப்பு, கண்ணுக்கு மேலே மட்டும் பழுப்புப் பொட்டு. என்னிடம் நிக்கான் டி5600 கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும் உள்ளன. வீட்டுக்குள் எடுத்தால் படம் புள்ளி புள்ளியாக வருகிறது, இல்லையென்றால் ஆடிப்போகிறது. காட்டில் ஓடவிட்டு எடுத்தால் நாய் கறுப்புத் தீற்றலாகத்தான் தெரிகிறது. எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர், இதைக் கொடுத்துவிட்டு ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ்ஸும் (படம் பதியும் சென்சார் பெரிதாக உள்ள, உள்ளே கண்ணாடி இல்லாத கேமராவாம்) 85 எம்.எம். 1.4 லென்ஸும் வாங்கச் சொல்கிறார். தவணைக்கும் அவரே ஏற்பாடு செய்வாராம். அதுவரை சமாளிக்கத் தன்னிடமுள்ள பழைய 70-300 லென்ஸை 5,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். என் கையில் இருப்பது 30,000 ரூபாய். என்ன செய்யலாம்? ஃப்ளாஷ் போட்டால் நாய்க்குக் கண் கெடுமா? (வாசகி, கோவில்பட்டி)

பதில்: கேமராவை விற்காதீர்கள். தவணைப் பத்திரத்தில் கையெழுத்தும் போடாதீர்கள். அந்த 5,000 ரூபாய் லென்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பிறகு வருகிறேன்.

டி5600 2016-இல் வந்த கேமரா. பழசுதான், ஆனால் நொடிக்கு 5 படம் எடுக்கும், ஃபோகஸுக்கு 39 புள்ளிகள் உண்டு. ஓடும் நாய்க்கு இது போதும். போதாதது முன்னால் மாட்டியிருக்கும் லென்ஸ். 18-55 நல்ல லென்ஸ்தான், ஆனால் அதன் வாய் சிறியது. 55-க்கு இழுத்ததும் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய வாய் பெரிதாகத் திறக்கும்). ட்யூப்லைட் வெளிச்சத்தில் அந்த அளவு திறப்புக்கு, ஒன்று ஷட்டர் மெதுவாகும், அப்போது படம் ஆடும். அல்லது வெளிச்சத்தை உணரும் அளவான ஐ.எஸ்.ஓ. ஏறும், அப்போது புள்ளி விழும். நீங்கள் சொன்ன இரண்டு கோளாறும் அங்கிருந்துதான் வருகின்றன.

வீட்டுக்குள் எடுக்க நிக்கானின் 35 எம்.எம். எஃப் 1.8 வாங்குங்கள். முழுப் பெயர் ஏ.எஃப்-எஸ் டி.எக்ஸ் 35 எம்.எம். 1.8ஜி. 2009 முதல் உள்ள லென்ஸ். உங்கள் 18-55 லென்ஸை 35-இல் வைத்தால் உள்ளே வருவதைப்போல் சுமார் ஆறு மடங்கு வெளிச்சம் இதில் வரும். ‘50 வாங்கு’ என்று பலர் சொல்வார்கள். உங்கள் கேமராவின் சென்சார் சிறியது என்பதால் 50 போட்டால் ஏறக்குறைய 75 போட்டதுபோல நெருக்கிக் காட்டும். சாதாரண ஹாலில் சுவரோடு சுவராகப் பின்னால் போய் நிற்க வேண்டிவரும். அதோடு, நீங்கள் உட்கார்ந்ததும் நாய் எழுந்து மடிக்கு வந்துவிடும். வீட்டுக்குள் 35 போதும்.

ஆனால் முழுக்கத் திறந்து வைத்து எடுக்காதீர்கள். கன்னிக்கு மூஞ்சி நீளம். ஒரு மீட்டர் தள்ளி இருந்து 1.8-இல் எடுத்தால் ஆறு சென்டிமீட்டர் ஆழம்தான் தெளிவாக இருக்கும். கண் தெளிவாக இருந்தால் மூக்கு கரைந்துபோகும். 2.8-க்கு வையுங்கள், ஒன்றரை மீட்டராவது தள்ளி இருங்கள், ஷட்டர் 1/250-க்குக் கீழே போக வேண்டாம். ஸ்டுடியோக்காரர் சொன்ன 85 எம்.எம். 1.4-இலும் இதே வம்புதான், விலை மட்டும் பல மடங்கு. கல்யாண மாப்பிள்ளையின் முகத்துக்கு அது அருமையான லென்ஸ். மாப்பிள்ளைக்கு அவ்வளவு நீள மூக்கு இருக்காது.

வெளியே ஓடும் நாய்க்கு நீள லென்ஸ் தேவை. நிக்கானின் ஏ.எஃப்-பி டி.எக்ஸ் 70-300 வி.ஆர். உங்கள் கேமராவுக்குச் சரியாகப் பொருந்தும். டி5600-ஐ இந்த லென்ஸோடு சேர்த்து இரட்டை லென்ஸ் செட்டாகவும் விற்றார்கள். அப்படி வாங்கியவர்களில் பலர் நீள லென்ஸைப் பையை விட்டு வெளியே எடுப்பதே இல்லை. அதனால் பழைய சந்தையில் நல்ல நிலையில் கிடைக்கும். 35-ஐப் புதிதாக வாங்குங்கள், 70-300-ஐப் பழையதாகத் தேடுங்கள்.

இனி அந்த 5,000 ரூபாய் லென்ஸ். ‘70-300’ என்ற எண்ணைத் தாங்கி நிக்கானில் பல லென்ஸ்கள் வந்திருக்கின்றன. பெட்டியில் எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர்களை நம்பியே ஒரு கூட்டம் பிழைக்கிறது. அவர் தருவது பெரும்பாலும் பழைய ஏ.எஃப் 70-300 4-5.6ஜி ஆக இருக்கும். அதற்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். உங்கள் டி5600-இல் அந்த மோட்டார் இல்லை. டி3000 வரிசை, டி5000 வரிசை எதிலும் இல்லை. மாட்டலாம், படம்கூட எடுக்கலாம், ஆனால் ஃபோகஸைக் கையால் திருகிக்கொண்டிருக்க வேண்டும். முயல் விரட்டப் பிறந்த நாயைக் கையால் திருகிப் பிடிக்க உங்களால் முடியாது, என்னாலும் முடியாது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. வியாபாரம் நடப்பதே அதை வைத்துத்தான். டி90, டி7000 வரிசை, டி610, டி750 போன்ற கேமராக்களுக்குள் மோட்டார் இருக்கிறது. ஸ்டுடியோக்காரர் கையில் பெரும்பாலும் டி7200, டி750 மாதிரி ஒன்றுதான் இருக்கும். நீங்கள் சந்தேகப்பட்டால், “இதோ பாருங்க, எப்படி ஃபோகஸ் ஆகுது” என்று தன் கேமராவில் மாட்டிக் காட்டுவார். அருமையாக ஃபோகஸ் ஆகும். அவர் சொன்னது பொய்யில்லை, உங்கள் கேமராவுக்கு மட்டும் அது பொருந்தாது. வீட்டுக்கு வந்து மாட்டியதும், “உங்க கேமராவுலதான் கோளாறு, சொன்னேன்ல, மாத்திருங்க” என்பார். லென்ஸ் 5,000-க்குப் போவதோடு கேமராவும் கைமாறும் வழி இது.

50 எம்.எம். 1.8டி என்ற லென்ஸுக்கும் இதே கதைதான். விலை குறைவு, பார்க்கக் கெட்டியாக இருக்கும், உங்கள் கேமராவில் தானாக ஃபோகஸ் ஆகாது. அதன் பின்பக்கம் அபர்ச்சர் எண்கள், அதாவது திறப்பின் எஃப் எண்கள், பொறித்த வளையம் ஒன்று இருக்கும். ஆனால் அந்தப் பழைய 70-300ஜி-யில் அந்த வளையம் கிடையாது, எனவே வளையத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். நிச்சயமான அடையாளம் வேறு. லென்ஸைக் கழற்றி, கேமராவில் பொருந்தும் பின்பக்க வளையத்தைப் பாருங்கள். அங்கே திருப்புளி வாய் வைக்கும்படி ஒரு சின்னத் திருகுத் தலை இருந்தால், அதைச் சுழற்ற கேமராவில் மோட்டார் வேண்டும் என்று அர்த்தம். உங்களுக்கு அது ஆகாது. எழுத்தில் ஏ.எஃப்-எஸ் அல்லது ஏ.எஃப்-பி என்று இருக்க வேண்டும். வெறும் ‘ஏ.எஃப்’ என்றால் கீழே வைத்துவிடுங்கள். எந்தக் கடைக்குப் போனாலும் உங்கள் கேமராவையே கொண்டுபோய், அதிலேயே மாட்டி, வாசலில் போகிற ஆட்டையோ ஆட்டோவையோ எடுத்துப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.

நிறுவனத்தின் மேலும் கோபம் வரத்தான் செய்கிறது. ஏ.எஃப்-பி 70-300-இலேயே வி.ஆர். உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. பார்க்க அப்படியே ஒன்றுபோல இருக்கும். லென்ஸின் பக்கவாட்டில் சுவிட்சும் கிடையாது, அதனால் தடவிப் பார்த்தும் தெரியாது. ‘வி.ஆர்.’ என்ற இரண்டெழுத்து இருக்கிறதா என்று கண்ணை இடுக்கித்தான் பார்க்க வேண்டும். சாதாரண ஜனம் ஒரு லென்ஸ் வாங்க இவ்வளவு எழுத்தை மனப்பாடம் செய்ய வேண்டுமென்றால் தரகர்கள் ஏன் கொழுக்க மாட்டார்கள்? சரி. வி.ஆர். என்பது உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் தாங்கும், நாயின் ஓட்டத்தை நிறுத்தாது. ஓடும்போது மட்டும்தான் எடுப்பீர்கள் என்றால் அது இல்லாமலும் பிழைக்கலாம். சாயங்காலம் நாய் களைத்து உட்காரும்போது தேவைப்படும்.

பழையது வாங்கும்போது செல்போன் டார்ச்சை லென்ஸின் ஒரு முனையில் அடித்து மறுமுனை வழியாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல ஏதாவது படர்ந்திருந்தால் பூஞ்சை, வேண்டாம். தூசி நாலு இருந்தால் பரவாயில்லை. இணையத்தில், தான் ராணுவத்தில் இருப்பதாகவும் மாற்றல் வந்துவிட்டதாகவும் சொல்லி, முன்பணம் போட்டால் கூரியரில் அனுப்புகிறேன் என்று யாராவது அடையாள அட்டையை அனுப்பினால் பதிலே போடாதீர்கள். பல ஆண்டுகளாக நடக்கும் மோசடி அது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும்.

புதியது வாங்கினால் ஜி.எஸ்.டி. பில் வேண்டும், பில்லில் லென்ஸின் சீரியல் எண் இருக்க வேண்டும். “பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்” என்பவரிடம் வாங்கினால் வாரண்டி என்ற பேச்சே கிடையாது. இறக்குமதி செய்த பொருளின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை மூன்றும் அச்சாகியிருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. விதியை எழுதியவர்கள் ஒரு கடைக்குள் போய்ப் பெட்டியைத் திருப்பிப் பார்த்திருக்கலாம். அவர்கள் பார்க்கமாட்டார்கள், நீங்கள் பாருங்கள். தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அப்புறம், இலவசம் என்று சொல்லி யு.வி. ஃபில்டர், முன்னால் திருகும் ‘டெலி’ கண்ணாடி, ஆட்டம் காணும் ட்ரைபாட் என்று ஒரு பொட்டலம் கட்டுவார்கள். விலையில் அது ஏற்கெனவே ஏறியிருக்கும். எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிவிட்டு விலையைக் குறைக்கக் கேளுங்கள். நாய் படம் எடுக்கச் சொல்லித்தருகிறேன் என்று வகுப்பு நடத்திவிட்டு, முடிவில் ஒரு குறிப்பிட்ட கடையின் கார்டை நீட்டுபவர்களிடமும் இதே ஜாக்கிரதை வேண்டும்.

மிரர்லெஸ் பற்றி ஒரு வார்த்தை. விலங்கின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் வசதி அவற்றில் இருப்பது உண்மை, நன்றாகவே வேலை செய்கிறது. கறுப்பு முகத்தில் கறுப்புக் கண் என்றால் மங்கிய வெளிச்சத்தில் அதுவும் தடுமாறும். நாளைக்கு வசதி வந்து நிக்கான் மிரர்லெஸ்ஸுக்கு மாறினால், இப்போது வாங்கும் ஏ.எஃப்-எஸ், ஏ.எஃப்-பி லென்ஸ்களை எஃப்.டி.இஸட். என்ற அடாப்டர் வழியாக மாட்டலாம், ஃபோகஸும் தானாகவே ஆகும். அந்தத் திருகு வைத்த பழைய லென்ஸ்கள் அதிலும் தானாக ஃபோகஸ் ஆகாது.

இனி, லென்ஸ் வாங்கும் முன்பே இந்த வாரமே செய்யக்கூடியவை. உங்கள் கேமராவில் திரும்பும் திரை இருப்பதால் அதைப் பார்த்தே எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். டி5600-இல் திரை வழியாக எடுத்தால் ஃபோகஸ் மிக மெதுவாகத்தான் ஆகும், ஓடும் நாயை எட்டிப் பிடிக்காது. திரைக்கு மேலே கண்ணை வைத்துப் பார்க்கும் சின்னக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். நாயின் கண்மட்டத்துக்கு இறங்க வேண்டுமென்றால் பாய் போட்டுப் படுங்கள், வேறு வழியில்லை. டயலை, ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் எஸ்-க்குத் திருப்பி 1/1000 வையுங்கள், ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியில் விடுங்கள், ஃபோகஸை, ஓடுவதைத் தொடர்ந்து பிடிக்கும் ஏ.எஃப்-சி-க்கு மாற்றுங்கள். காலை ஏழு மணி வெயிலில் இந்த வேகத்துக்கு 18-55 லென்ஸே தாங்கும், நாய் கொஞ்சம் சிறிதாகத் தெரியும், அவ்வளவுதான். கரிசல் மண்ணில் கறுப்பு நாயை நிறுத்தினால் மண் எது நாய் எது என்று பிரிக்க முடியாது. காய்ந்த புல்லோ, சோளத்தட்டையோ பின்னால் வரும்படி நீங்கள் நகர்ந்துகொள்ளுங்கள்.

ஃபோகஸ் பிடிக்கக் கறுப்பு ரோமத்தைக் குறிவைக்காதீர்கள். வித்தியாசம் தெரியாத இடத்தில் கேமரா முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். கண்ணுக்கு மேலே இருக்கும் பழுப்புப் பொட்டின் ஓரத்தில் நடுப்புள்ளியை வையுங்கள், பட்டென்று பிடித்துக்கொள்ளும். நாய் படம் முழுக்க நிறைந்திருந்தால் கேமரா கறுப்பைச் சாம்பலாக வெளுத்துக்காட்டும், அப்போது எக்ஸ்போஷரை -0.7-க்கு இறக்குங்கள். பின்னால் வானம் வெளுத்திருந்தால் கேமரா நாயைக் கரியாக்கிவிடும், அப்போது +1-க்கு ஏற்றுங்கள்.

வீட்டுக்குள் ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, நாயை வாசலிலிருந்து ஓர் அடி உள்ளே, வெளிச்சத்தைப் பார்த்து உட்காரவையுங்கள். நீங்கள் வாசலுக்கு ஓரமாக, வெளிச்சத்தை மறைக்காமல் இருங்கள். கண்ணில் வாசல் வெளிச்சம் ஒரு துளி விழும். கறுப்பு முகத்தில் கண் தெரியவில்லை என்ற பிரச்சினை அதோடு முடிந்தது.

ஃப்ளாஷால் கண் கெடாது. ஆனால் கண் பச்சையாக மின்னும். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அடிக்கும் படலம் ஒன்று இருப்பதால் அப்படி ஆகிறது. கேமராவோடு வரும் குட்டி ஃப்ளாஷ் நேராகத்தான் அடிக்கும், அதை மடக்கியே வையுங்கள். தலையைத் திருப்பும் தனி ஃப்ளாஷ் இருந்தால் வெள்ளைக் கூரையைப் பார்த்து அடிக்கலாம். அதை இப்போது வாங்காதீர்கள். 30,000-இல் மிச்சம் இருந்தால் கூடுதலாக ஒரு பேட்டரி வாங்கிக்கொள்ளுங்கள், நிறுவனத்துப் பேட்டரியாகப் பார்த்து.