உள்ளூர்த் திட்டத்துக்குத் தோட்டத்து ஆட்கள் கருத்து எழுதி என்ன ஆகப்போகிறது?

கேட்டவர் சொல்வது இது: மாவட்ட உள்ளூர்த் திட்ட (எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று வகுக்கும் திட்டம்) வரைவைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள், சாலையும் தொழிற்பேட்டையும் முன்பே முடிவான மாதிரி தெரிகிறது, எழுதிப் பயன் உண்டா?

கட்டாயம் எழுதுங்கள். மலேசியாவின் 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி வரைவைக் குறைந்தது நான்கு வாரம் ஆட்சேபத்துக்கு வைக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுதலாம், நிலப்பட்டா தேவையில்லை. திட்டம் அமலுக்கு வந்துவிட்டால் கதையே வேறு. அதற்கு ஒத்துப்போகும் கட்டுமானத்துக்கு அக்கம்பக்கத்தாரைக் கேட்டாக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. உள்ளூர்த் திட்டமே இல்லாத இடத்தில்தான் நோட்டீஸ் அனுப்பச் சொல்கிறது, அதுவும் பக்கத்து நில உரிமையாளருக்கு. தோட்டம் கொடுத்த லயத்து வீட்டில் மூன்று தலைமுறையாக இருப்பவருக்கு அது வராது.

பேராக்கில் எங்கள் பட்டணத்தைச் சுற்றி நாலா பக்கமும் செம்பனை. வரைவுப் படத்தில் தோட்டத்தின் பாதி ஊதா நிறம், அதாவது தொழிற்பேட்டை. மாரியம்மன் கோயில், சுடுகாடு, அதற்குப் போகும் செம்மண் சாலை எல்லாம் அந்த ஊதாவுக்குள். அவற்றைக் குறிக்க ஒரு புள்ளிகூட இல்லை. பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. வேண்டுமென்றே விட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. எல்லாம் தோட்டத்தின் நிலப்பட்டாவுக்குள்ளேயே இருப்பவை, தனி லாட் எண் (நில எண்) கிடையாது. நாம் போய்ச் சொன்னால்தான் உண்டு.

அதனால் "எங்களை வாழ விடுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். படத்தின் எண்ணைப் போட்டு, 'இந்த இடத்தில் சுடுகாடு இருக்கிறது, இன்றும் பயன்படுத்துகிறோம், குறியுங்கள்' என்று எழுதுங்கள். புகைப்படம் சேருங்கள். மலாயில் எழுத தமிழ்ப்பள்ளி ஆசிரியர் யாராவது உதவுவார். அப்புறம், நேரில் பேச வேண்டும் என்றும் குறிப்பிடுங்கள். ஆட்சேபங்களைக் கேட்க மூவர் குழு உண்டு. எங்கள் விசாரணையில் ஒரு பெரியவர் எழுந்துபோய், பாடையைத் தூக்கிக்கொண்டு எந்த வழியாகப் போகிறோம் என்று படத்தில் விரல் வைத்துக் காட்டினார். அதிகாரிகள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். இறுதித் திட்டத்தில் கோயிலும் சுடுகாடும் ஏறின. செம்மண் சாலை ஏறவில்லை, அதற்கு இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம்.

ரயில் பாதைக்கு வேறு சட்டம், மூன்று மாத அவகாசம், 2022-இல் கோலாலம்பூரின் எம்.ஆர்.டி. 3 ரயில் திட்டத்தை அப்படித்தான் பார்வைக்கு வைத்தார்கள். உங்களுடையது உள்ளூர்த் திட்டம், நாள் குறைவு. கெடு முடிவதற்குள் கொடுத்துவிட்டு, நகலில் முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.