கடலாமைப் பண்ணை: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: கடலாமை வளர்ப்பில் லாபம் உண்டா?

பதில்: இல்லை. பெரிய அளவில் முயன்று பார்த்த இடம் கரீபியன் கடலில் உள்ள கேமன் தீவுகள். 1968இல் தனியார் நிறுவனம் ஒன்று கடற்கரைக் கூடுகளிலிருந்து எடுத்த முட்டைகளைக் கொண்டு பேராமை (பச்சைக் கடலாமை) வளர்ப்பைத் தொடங்கியது. இறைச்சி, ஓடு, தோல், எண்ணெய் என ஒன்றையும் வீணாக்காமல் ஏற்றுமதி செய்வதாகக் கணக்கு. 1970களின் இறுதியில் அமெரிக்கச் சந்தை மூடிக்கொண்டது. அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் மற்ற வாசல்களையும் அடைத்தது. 1983இல் பண்ணை அரசின் கைக்கு வந்தது. இன்று இறைச்சி தீவுக்குள்ளேயே விற்கிறது, சுற்றுலா டிக்கெட் வருமானமும் உண்டு. அப்படியும் மானியம் இல்லாமல் வண்டி ஓடவில்லை.

கோழிக்கணக்குப் போடாதீர்கள். கடலில் பேராமை பருவமடைய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பண்ணையில் முந்தும், ஆனாலும் ஆண்டுக்கணக்கில் தீவனம் போட வேண்டும். 2001இல் மிஷெல் புயல் கரையோரக் குளத்துக்குள் புகுந்து, முட்டையிடும் ஆமைகளில் பெரும்பகுதியை ஒரே வீச்சில் வாரிக்கொண்டு போனது.

கேள்வி: தீவனம் என்ன?

பதில்: புரதம் மிகுந்த உருண்டைத் தீவனம். வளர்ந்த பேராமையோ கடலில் கடற்புல் மேய்வது.

கேள்வி: பயணிகள் குஞ்சைக் கையில் எடுக்கலாமா?

பதில்: கூடாது. தூக்கியதும் துடுப்புகள் படபடவென்று அடித்துக்கொள்ளும்; அதை விளையாட்டு என்று படமெடுக்கிறார்கள். அது மிரட்சி. சால்மோனெல்லா கிருமி வேறு உங்கள் கையோடு வீட்டுக்கு வரும். நெரிசலான தொட்டியில் துடுப்பின் பின்விளிம்பைப் பாருங்கள்: ஒன்றையொன்று கடித்த காயங்கள் தெரியும்.

கேள்வி: ஆண் பெண்ணைத் தீர்மானிப்பது எது?

பதில்: மணலின் சூடு. ஏறக்குறைய 29 டிகிரியில் பாதிக்குப் பாதி. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண்.

கேள்வி: முதலீட்டுக்கு எத்தனை ஆண்டில் லாபம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கேமன் கரையில் முட்டையிடும் பேராமைகளில் ஏறக்குறைய 90 விழுக்காடு பண்ணை ஆமைகளின் உறவு என்று 2019இல் மரபணு ஆய்வு சொன்னதே? பண்ணை ஜெயித்துவிட்டதாகத்தானே பொருள்?

பதில்: அந்த அளவில் ஜெயித்தது, மறுக்கவில்லை. 1980 முதல் 30,000க்கும் மேற்பட்ட ஆமைகளைக் கடலில் விட்டார்கள். வேட்டையில் வெறிச்சோடிய மணலில் மீண்டும் தடம் விழுகிறது. ஆனால் பண்ணையின் மூலமுட்டைகள் கோஸ்டா ரிக்கா, சூரினாம், அசென்ஷன் தீவு என்று பல கரைகளிலிருந்து வந்தவை. கேமனின் பழைய கூட்டம் திரும்பவில்லை. புதிய கலவை ஒன்று குடியேறியிருக்கிறது.

அதே வாசகர்: காலியான கரையில் எந்த ஆமையாக இருந்தால் என்ன?

பதில்: நல்ல குத்து. காலியான கரைக்கு உங்கள் வாதம் நிற்கும். கொஞ்சமாவது ஆமை வரும் கரையில் நிற்காது. அங்கே ஒரு தாய் ஒரு கூட்டில் நூறு முட்டைக்கு மேல், ஒரே பருவத்தில் பல முறை, செலவில்லாமல் இடுகிறது. அந்த மணலுக்குக் காவல் போடுவதற்குப் பதில் முட்டையைத் தோண்டித் தொட்டிக்குக் கொண்டுபோவது எந்தக் கணக்கு?

இன்னொருவர்: பண்ணை இறைச்சி கிடைத்தால் திருட்டு வேட்டை நின்றுவிடாதா?

பதில்: திருடுபவனுக்குத் தீவனச் செலவு கிடையாது. வெட்டிய பிறகு எது பண்ணை இறைச்சி, எது கடல் இறைச்சி என்று கண்ணால் பிரிக்கவும் முடியாது.

கேள்வி: சிறிய அளவில், பத்து குஞ்சோடு தொடங்கினால் லாபம்...

பதில்: மேலே போங்கள்.